உம் கொட்டத் தெரிந்த வீடு

மே மாதம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் அந்தத் தட்டிகளும் துண்டறிக்கைகளும் வந்துவிடுகின்றன. உங்கள் பிள்ளைக்குள் என்ன திறமை இருக்கிறது என்று கண்டறிந்து சொல்கிறோம், பால்வாடிப் பருவத்திலேயே சொல்லிவிடுகிறோம், பத்து விரல் ரேகையைப் பதிந்தால் போதும் என்கின்றன. ரேகை பதிக்கிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் ஒரு நம்பிக்கையைத்தான் அவர்கள் விற்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் பிறவியிலேயே ஒரு திறமை ஒளிந்திருக்கிறது, அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது பெற்றோரின் கடமை, கண்டுபிடித்த கையோடு அதற்குரிய வகுப்பில் சேர்த்துவிட வேண்டும், தாமதித்தால் வாய்ப்புப் போய்விடும் என்பது அந்த நம்பிக்கை. பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் இதையே பேசுகிறார். குழந்தை வளர்ப்புப் பக்கங்கள் இதையே எழுதுகின்றன. எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது பிழை, பிள்ளைகளுக்குக் கேடு செய்கிற பிழை என்பதே என் உறுதியான எண்ணம்.

குழந்தையின் தனித்தன்மையை இன்னொருவர் வெளியே நின்று பார்த்து அறிவிக்க முடியாது. குழந்தை தன்னைப் பற்றித் தன் வாயால் சொல்லிப் பார்க்கிறது. நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறது. நாம் சொல்வதை மறுத்துப் பார்க்கிறது. அவசரப்படாமல் கேட்க ஓர் ஆள் இருந்தால், அந்தப் போக்குவரத்தில் அது தன்னை அறியத் தொடங்குகிறது. கேட்க ஆளில்லாத வீட்டில் எத்தனை வகுப்பில் சேர்த்தாலும் அந்த அறிதல் நடப்பதில்லை. பெற்றோரின் வேலை கண்டுபிடிப்பதாக இருந்தால் பிள்ளை வெறும் ஆய்வுப் பொருளாகிவிடுகிறது. இதற்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

ரேகைச் சோதனையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. விரல்நுனிக் கோடுகள் கரு தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகின்றன. அவற்றின் சில அமைப்புகள் சில மரபணுக் கோளாறுகளோடு சேர்ந்து காணப்படுவதை மருத்துவர்கள் அறிவார்கள். அங்கிருந்து ஒரே தாவலாக, இந்தப் பிள்ளைக்கு இசையறிவு இத்தனை சதவீதம், கணித அறிவு இத்தனை சதவீதம் என்று அச்சடித்துக் கொடுக்க எந்த ஆதாரமும் இல்லை. இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவித்திருக்கிறது. சோதனைக்காரர்கள் துணைக்கு அழைப்பது ஹோவர்ட் கார்ட்னரை. மனித அறிவு ஒன்றல்ல, பல வகை என்று 1983இல் வெளியிட்ட நூலில் வாதிட்டவர் அவர். முதலில் ஏழு வகை சொன்னார், பிறகு இயற்கையை அறியும் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கோட்பாட்டில் விரல் ரேகைக்கு இடமே இல்லை. ஒற்றை எண்ணால் பிள்ளைகளை அளந்துவிடாதீர்கள் என்று சொல்ல வந்தவரின் பெயரை வைத்துக்கொண்டு, இன்று எட்டு எண்களால் அளந்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள்.

ரேகை வேண்டாம் என்றால் படித்த பெற்றோர் பலர் ஒத்துக்கொள்வார்கள். உடனே அவர்கள் காட்டும் சான்று செஸ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அவரைச் சிறு வயதிலேயே அடையாளம் கண்டு வளர்த்ததால்தானே இந்த வெற்றி என்கிறார்கள். அந்த வெற்றிக்குப் பின்னால் இருக்கும் பெற்றோரின் தியாகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சென்னையின் செஸ் வீடுகளைப் பற்றி வெளியே தெரிந்த செய்திகளையே நிதானமாகச் சேர்த்துப் பாருங்கள். வைஷாலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரைச் செஸ்ஸிலும் ஓவியத்திலும் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா தானும் ஆட வந்தார். இன்று உலகிலேயே முதன்முதலாக இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆன அக்காள் தம்பி அவர்கள். திறமையைக் கண்டறிந்து அதற்கேற்ற வகுப்பில் சேர்த்த கதை இதில் எங்கே இருக்கிறது?

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த்தின் கதை இன்னும் தெளிவானது. அண்ணனும் அக்காவும் ஆடுவதைப் பார்த்து, எனக்கும் சொல்லிக்கொடு என்று அம்மாவிடம் போய் நின்றது ஆறு வயது ஆனந்த். கேட்டது பிள்ளை. பிறகு தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் வசித்தபோது, அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா சுசீலா அந்த ஆட்டங்களையும் புதிர்களையும் தாளில் குறித்து வைத்திருப்பார். பிள்ளை வீடு திரும்பியதும் இருவரும் உட்கார்ந்து விடை தேடுவார்கள். ஆனந்த்தே பேட்டிகளில் சொன்ன செய்தி இது. அந்த மாலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே மதிப்பீடு இல்லை, பிள்ளையின் திறமை எத்தனை என்ற கவலை இல்லை. ஒரு புதிரும் இரண்டு பேரும் இருந்தார்கள். அம்மா ஒன்று சொல்ல, பிள்ளை அதை மறுக்க, இருவரும் தவறாகப் போய், திரும்பி வந்திருப்பார்கள். பெற்றோர் காப்பியடிக்க வேண்டியது ஏதாவது உண்டென்றால் அந்த மாலையைத்தான். நாமோ பயிற்சியாளரின் முகவரியைக் காப்பியடிக்கிறோம்.

வென்றவர்களின் வீட்டுக் கதை மட்டுமே நம் காதுக்கு வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதே நம்பிக்கையோடு அதே வயதில் சேர்க்கப்பட்டு, பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராமல் பல ஆண்டு ஆடிவிட்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் பலகையை மூடிவைத்த பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பியானோ, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆராய்ச்சி ஆகிய துறைகளில் உச்சிக்குப் போன 120 பேரின் வாழ்க்கையை அவருடைய குழு விசாரித்தது. அவர்களில் பெரும்பாலோரைச் சிறு வயதில் பார்த்தவர்கள் இவர்கள் இப்படி வருவார்கள் என்று கணித்திருக்க முடியாது என்பதுதான் அதில் தெரியவந்தது. தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருந்தது, முதல் ஆசிரியர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள், வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. கடும் பயிற்சி பின்னால் வந்தது.

சீக்கிரம் தொடங்க வேண்டிய கலைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வயலினோ ஜிம்னாஸ்டிக்ஸோ இருபது வயதில் எடுத்து உச்சிக்குப் போவது கடினம். ஆனால் தொடங்கிப் பார்க்க விடுவது வேறு, இதுதான் உன் திறமை என்று முத்திரை குத்துவது வேறு. முத்திரை விழுந்த பிறகு பிள்ளைக்கு இரண்டே வழி. அதை நிரூபிக்க வேண்டும், அல்லது ஏமாற்றியவனாக நிற்க வேண்டும். கிளாடியா மியூல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு சாராரிடம், நீ ரொம்பக் கெட்டிக்காரன் என்றார்கள். இன்னொரு சாராரிடம், நன்றாக உழைத்திருக்கிறாய் என்றார்கள். கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்து எளிய புதிரையே நாடினார்கள். கடினமானது வந்து தோற்றபின் சீக்கிரம் கைவிட்டார்கள். ஒரு நல்ல சொல், அதுவும் அந்நியர் ஒருவர் ஒரே ஒருமுறை சொன்ன சொல், இப்படிச் செய்யும் என்றால் வீட்டில் தினமும் விழும் முத்திரை என்ன செய்யும்?

நம் வீடுகளில் அது எப்படி விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், “பெரியவன் படிப்பாளி, சின்னவளுக்குப் படிப்பு ஏறாது, ஆனா நல்லா ஆடுவா” என்று பிள்ளைகள் இருவரும் நிற்கும்போதே சொல்லப்படுகிறது. “இவன் சரியான கூச்ச சுபாவம்.” “இவ அப்படியே அவங்க அத்தை மாதிரி.” சொல்பவர்களுக்கு அது வெறும் பேச்சு. கேட்கும் பிள்ளைகள் அதை மெய்யென்று எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பாளிக்கு ஆடிப் பார்க்கும் ஆசை வந்தால் அது தன்னுடையதல்ல என்று தோன்றுகிறது. ஆடுகிறவளுக்குக் கணக்குப் பிடிக்கத் தொடங்கினாலும் வெளியே சொல்லத் தயக்கம். உடன்பிறந்தவர்களுக்குள் திறமையைச் சொத்துப்போலப் பாகம் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். பிறகு இவர்களுக்குத் தனித்தன்மை இருக்கிறதா என்று பரிசோதிக்கப் பணம் கட்டுகிறோம்.

பரிசும் இப்படித்தான். 1973இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தார்கள். சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, எந்தப் பரிசும் இல்லாத சாதாரண வேளையில் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். அவர்களிடம் இருந்த ஆசையையே பரிசு அரித்துவிட்டது. எல்கேஜி முடிப்பதற்குள் அலமாரி நிறையக் கோப்பை வைத்திருக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னால் ஒரு பதில் வரும்: “நாங்க பிள்ளைகிட்ட எல்லாமே மனம் விட்டுப் பேசுறோம், ஃபிரெண்ட் மாதிரிதான் இருக்கோம்.” அந்தப் பேச்சு எது என்று ஒருநாள் கூர்ந்து கவனித்தால் போதும். சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, டெஸ்ட்ல எவ்வளவு, அவன் எவ்வளவு, ஏன் குறைஞ்சது, போனைக் கீழ வை. எல்லாம் கேள்வியும் கட்டளையும். இவற்றுக்கு ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும், ஒரு சொல்லில் முடிப்பதுதான் பாதுகாப்பும்கூட. அக்கறையால் கேட்கிறோம் என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்டு ஒரு பிள்ளை தன்னைப் பற்றிப் புதிதாக எதையும் அறிந்துகொள்ள வழியில்லை. 2018இல் ரேச்சல் ரோமியோவும் குழுவினரும் அமெரிக்காவில் 4 முதல் 6 வயதுள்ள பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, அவர்களின் மூளைச் செயல்பாட்டையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பெரியவர்கள் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. குடும்பத்தின் வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. நாம் எவ்வளவு பேசினோம் என்ற கணக்கைவிட முறை வைத்துப் பேசினோமா என்ற கணக்கே பெரிது.

முறை வைத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. கதை சொல்லும் பாட்டி, பிள்ளை உம் கொட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவார். உம் நின்றால் கதை நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டதா, கேட்கிறதா, பயந்துவிட்டதா என்று அந்த ஒலியிலிருந்தே பாட்டிக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறேன். பிள்ளை சொல்லட்டும், பெரியவர் உம் கொட்டட்டும். கேட்க எளிது, செய்ய மிகக் கடினம். பள்ளிப் பேருந்தில் நடந்த சண்டையை ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். “நீ ஏன் அவன் பக்கத்துல உக்காந்த?” “மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?” கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. தீர்ப்பைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டிருந்தால், பிள்ளையை வருத்தியது தான் வாங்கிய அடியா, தன் கண்முன் இன்னொருவன் அடி வாங்கியதா என்று தெரிந்திருக்கும். இரண்டாவது என்றால், நியாயத்துக்காகத் துடிக்கிற ஒரு மனம் அந்த வீட்டில் வளர்கிறது. அதை எந்தச் சோதனை கண்டறியும்?

நாம் திறமையைத் தேடுவதே தவறான இடத்தில்தான். பாட்டு, நடனம், செஸ், ஸ்கேட்டிங், அபாகஸ், கோடிங் என்று கட்டணம் வாங்கக்கூடியவை மட்டுமே நமக்குத் திறமையாகத் தெரிகின்றன. வீட்டில் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று கவனிக்கிற பிள்ளை உண்டு. உடைந்த மிக்ஸியைத் திறந்துபார்த்து அரை மணி நேரம் பேசாமல் இருக்கிற பிள்ளை உண்டு. சண்டைபோட்ட இருவரிடமும் தனித்தனியே போய்ப் பேசுகிற பிள்ளை, நாய்க்குக் காயம் பட்டால் முகம் சுளிக்காமல் மருந்து போடுகிற பிள்ளை, ஒரு கேள்வியை விடாமல் பல நாள் தூக்கிக்கொண்டு திரிகிற பிள்ளை என்று எத்தனையோ. இவர்களுக்கு மேடை இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் நல்ல செவிலியரையும் மெக்கானிக்கையும் நீதிபதியையும் ஆசிரியரையும் ஆக்குவது இந்தத் தன்மைகள்தான். இவற்றைப் பிள்ளை தானாகவே பெயரிட்டு அறிந்துகொள்ளாது. “அந்தப் பையன் அழுதப்போ உனக்கு என்ன தோணுச்சு?” என்று ஒருவர் கேட்க வேண்டும், வரும் பதிலைப் பாராட்டாகவோ அறிவுரையாகவோ மாற்றாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் ஆர்வம் வாரத்துக்கு ஒன்று மாறுமே, அதை நம்பி எப்படி முடிவெடுப்பது என்பது இன்னொரு வாதம். மாறத்தான் செய்யும். ஒரு வகுப்பில் சேர்ந்த காரணத்தைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, தோழி சேர்ந்தாள், அம்மா சேர்த்தார் என்பதோடு முடியும். விலக நினைக்கும் காரணம் அப்படியில்லை. பரதநாட்டிய வகுப்புக்குப் போக மாட்டேன் என்று ஒரு சிறுமி அடம்பிடிக்கிறாள் என்று வையுங்கள். முழங்கால் வலியா? டீச்சர் எல்லோர் முன்னாலும் உருவத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அல்லது ஆடுவதைவிட நட்டுவாங்கத் தாளத்தின்மேல்தான் அவளுக்குக் கண்ணா? மூன்றும் மூன்று திசைகள். “பீஸ் கட்டியாச்சு, இந்த வருஷம் முடியட்டும்” என்ற ஒரே பதிலை மூன்றுக்கும் சொல்கிறோம். பணம் கட்டியது உண்மை, வீணாவதும் வருத்தம்தான். ஆனால் அந்தக் கட்டணத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பலன் அந்தப் பிள்ளை சொல்லவிருந்த காரணம். அதைக் கேட்காமல் விட்டால் பணமும் போயிற்று, பலனும் போயிற்று.

பேச்சுக்கு எதிராகப் பெரியவர்கள் செய்யும் குற்றம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளை இரவில் ரகசியமாகச் சொன்ன பயத்தை, மறுநாள் சித்தியிடம் போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறோம், பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்போதே. எழுதிக் காட்டிய கவிதையை அனுமதி கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோம். பெருமையில் செய்கிறோம், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பிள்ளைக்கு அது துரோகம். இந்த வீட்டில் சொன்னால் ஊருக்குப் போய்விடும் என்று அது கற்றுக்கொள்கிறது. பதின்மூன்று வயதில் அறைக்கதவு ஏன் சாத்தப்படுகிறது என்று கேட்கும் பெற்றோர், எட்டு வயதில் சொன்னவை எங்கெங்கே போயின என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எதிரே உட்கார வைத்துப் பேசுவது. “வா, உக்காரு, உன்கிட்ட பேசணும்” என்றாலே பிள்ளையின் வயிறு கலங்கிவிடுகிறது, அது விசாரணையின் தொடக்கம் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். பூ கட்டும்போது, கீரை ஆயும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது. முகம் பார்க்க வேண்டியதில்லை, இடையில் மௌனம் வந்தாலும் உறுத்தாது. ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஆண்டு விழாவுக்குத் தோரணம் ஒட்டும்போது எவ்வளவு பேசும் என்று சொல்வார்கள்.

பேச இடம் கொடுத்தால் மரியாதை போய்விடும், தலைமேல் ஏறிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் நிறையப் பேர். அதிகப்பிரசங்கி, வாயாடி, எதிர்த்துப் பேசுறா என்ற பட்டங்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு அவை இரட்டிப்பாகக் கிடைக்கின்றன. பெண் வாய் திறந்தால் போகிற இடத்தில் என்ன சொல்வார்கள் என்ற கவலை பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நான் கேட்கிறேன்: தன் வீட்டில் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லிப் பழகாத பெண், வெளியே தன்மேல் ஒருவன் கை வைக்கும்போது எப்படி வேண்டாம் என்று சொல்வாள்? அப்பாவிடம் மறுத்துப் பேசிப் பழகாத பையன், தவறான காரியத்துக்கு அழைக்கும் நண்பர்களிடம் எங்கிருந்து மறுப்பான்? மறுக்கும் பழக்கத்தை ஆபத்தில்லாத இடத்தில்தான் கற்க முடியும், வீடு அந்த இடமாக இருக்க வேண்டும். குழந்தை தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. பிள்ளை சொன்னபடியே எல்லாம் நடக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முடிவு பெற்றோருடையதாக இருக்கலாம். பிள்ளையின் சொல் அந்த முடிவை ஒரு முறையாவது மாற்றியிருக்க வேண்டும். ஒருபோதும் எதையும் மாற்றாத பேச்சைத் திறந்த பேச்சு என்று பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பிள்ளையின் சொல் முடிவை மாற்றுகிறதா என்ற இந்தச் சோதனையில் நம் வீடுகள் மொத்தமாகத் தோற்கும் காலம் பத்தாம் வகுப்பு முடியும் காலம். பதினொன்றில் எந்த குரூப் என்பதை மாமா சொல்கிறார், டியூஷன் சார் சொல்கிறார், பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய சம்பளம் சொல்கிறது. பிள்ளை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறது. வரலாறு எடுக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மார்க் இல்லாதவன் எடுப்பதல்லவா அது என்று குடும்பமே பதறுகிறது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு கைவிடப்பட்டது. அரசு கைவிட்ட ரேங்க்கை வீடுகள் கைவிடவில்லை.

விடுதிப் பள்ளிகள் இதைவிடக் கொடியவை. நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிள்ளையைச் சேர்த்தால் மார்க் வரும் என்ற நம்பிக்கையில் எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டின. விடியற்காலையிலிருந்து இரவுவரை படிப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் மரத்தடியில் கட்டுச்சோறு, பிறகு மீண்டும் அறை. இந்தக் குடும்பங்களின் கனவை நான் இழிவாக நினைக்கவில்லை, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அந்த வழியாக வந்திருக்கிறார்கள். ஆனால் தான் யார், தனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி ஒரு பிள்ளைக்குள் மிக உரக்க எழும் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில், அதைக் கேட்க வேண்டியவர்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே காம்பவுண்டுச் சுவரை எழுப்புகிறோம். வாரத்தில் ஒரு மணி நேரத்தில் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? அம்மா பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், அவளிடம் எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று சொல்லி அழவைக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்லும்.

கடைசியாக, மிகக் கனமான எதிர்வாதம். வேலைக்குப் போய்க் களைத்து வரும் ஏழைப் பெற்றோருக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்கிறார்கள். பணம் இருந்தால்தான் பிள்ளையிடம் பேச முடியும் என்பதை நான் ஏற்க மாட்டேன். வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டே மகளிடம் ஊர்க்கதை எல்லாம் பேசும் தாய்மார் உண்டு, குளிர்சாதன அறையில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் நேரம் வேண்டும் என்பது உண்மை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து ராத்திரி வீட்டுக்கு வரும் தாயிடம் போய், பிள்ளையோடு மனம் விட்டுப் பேசு என்று அறிவுரை சொல்வது கொடுமை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் அந்த ஆண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. உற்பத்தி, முதலீடு, தொழிலாளர் உடல்நலம் என்று எல்லாம் பேசப்பட்டன. அந்தக் கூடுதல் நான்கு மணி நேரம் யாருடைய நேரம் என்று யோசித்தால், அதில் பெரும் பங்கு பிள்ளைகளுடையது. குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எட்டு மணி நேர வேலையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இரண்டும் ஒரே விஷயம்.

பள்ளியிலிருந்தே ஒன்றைத் தொடங்கலாம், காசு செலவில்லை. இன்று பெற்றோர் கூட்டம் நடக்கும் முறையைப் பாருங்கள். ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறார், பெற்றோர் தலையாட்டுகிறார்கள், இருவருக்கும் நடுவே பிள்ளை தரையைப் பார்த்து நிற்கிறது. முழுக்கத் தன்னைப் பற்றியே நடக்கும் பேச்சில் அதற்கு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கூட்டத்தில் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடட்டும். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைதான் பேச வேண்டும்: இந்தப் பருவத்தில் எது பிடித்தது, எது புரியவில்லை, எதை விட்டுவிட நினைக்கிறேன், யார் என்னை வருத்தினார்கள். அதுவரை மதிப்பெண் பட்டியல் மேசை இழுப்பறைக்குள் இருக்கட்டும். முதல் முறை பல பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடமும் அப்படியே போனாலும் பட்டியலை வெளியே எடுக்கக் கூடாது. அதற்கடுத்த பருவத்திலும் அதே நாற்காலி, அதே ஐந்து நிமிடம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதை அடுத்த தீர்மானமாகவே வைக்கலாம்.